முதல் கேமரா: காசை எண்ணும் முன் தூரத்தை எண்ணுங்க

போன செமஸ்டர் லீவு முடிஞ்சு ஹாஸ்டலுக்கு வந்த அன்னைக்கே ஒரு செகண்ட் இயர் தம்பி என் ரூம் கதவைத் தட்டினான். "அண்ணா, 30 ஆயிரம் சேர்த்துட்டேன். பறவை, பட்டாம்பூச்சி எல்லாம் எடுக்கணும். எந்த கேமராண்ணா வாங்குறது?"

அந்த 30 ஆயிரம் சும்மா வந்ததில்ல. ரெண்டு லீவு முழுக்க கல்யாண மண்டபங்கள்ல கேட்டரிங் வேலைக்குப் போய், இலை போட்டு, பந்தி பரிமாறிச் சேர்த்த காசு. அதனால "இந்த மாடல் வாங்கு"ன்னு ஒரே வரியில சொல்லி அனுப்ப எனக்கு மனசு வரல. இன்னொரு காரணமும் இருக்கு. இதே கேள்வியை மூணு வருஷத்துக்கு முன்னாடி நானும் கேட்டேன். ஒரே வரியில பதில் கிடைச்சது. அதை நம்பி வாங்கி, அம்மா சீட்டு எடுத்துக் கொடுத்த காசைக் கெடுத்தேன்.

அந்தத் தம்பிக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவா எழுதுறேன். மாடல் பேரெல்லாம் கடைசியில வரும். முதல்ல கணக்கு.

நான் செஞ்ச தப்பு

"லென்ஸ் எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது, 300 வாங்கிடு"ன்னு ஒருத்தர் சொன்னார். பழைய பாடி ஒண்ணும், மலிவா கிடைச்ச 300 மி.மீ. லென்ஸ் ஒண்ணும் வாங்கினேன். அந்த லென்ஸில் நடுக்கத்தைக் குறைக்கும் ஸ்டெபிலைசேஷன் கிடையாது. அப்படி ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாது.

முதல் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு சிங்காநல்லூர் குளத்துக்குப் போனேன். நானூறு படம் எடுத்தேன். ரூமுக்கு வந்து லேப்டாப்ல போட்டுப் பார்த்தா ஒண்ணுகூட ஷார்ப்பா இல்ல. பறவையும் புள்ளி மாதிரி இருந்துச்சு. "300 பத்தல, 600 வாங்கணும்"னு முடிவு பண்ணி, ஈஎம்ஐ விசாரிக்கிற வரைக்கும் போயிட்டேன்.

நல்லவேளையா, ஒரு சீனியர் அக்கா படங்களோட ஷட்டர் ஸ்பீடைப் பார்த்தாங்க. எல்லாமே 1/125 நொடி. "300 லென்ஸைக் கையில பிடிச்சு 1/125-ல எடுத்தா, மயில் எதிர்ல வந்து நின்னாலும் ஆடித்தான் போகும்"னு சிரிச்சாங்க. அப்புறம் கேட்டாங்க: "பறவை எவ்வளவு தூரத்துல இருந்துச்சு?" எனக்குப் பதில் தெரியல. நான் அளக்கவே இல்லையே!

அதுக்குள்ள ஆர்வமும் போயிடுச்சு. ஒரு மழைக்காலம் முழுக்க கேமரா அலமாரியிலேயே கிடந்துச்சு. எடுத்துப் பார்த்தப்போ லென்ஸுக்குள்ள சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. வாங்கின விலையில மூணில் ஒரு பங்குக்குத்தான் போச்சு. "கேமரா எங்கடா?"ன்னு அம்மா ரெண்டு தடவை கேட்டாங்க. ரெண்டு தடவையும் "ஃப்ரெண்டுகிட்ட இருக்கு"ன்னு பொய் சொன்னேன்.

பிளஸ் டூ ஃபிசிக்ஸ் போதும்

லென்ஸ் சமன்பாடு ஞாபகம் இருக்கா? பொருள் தூரமா இருக்கும்போது அது இவ்வளவு எளிமையாயிடும்:

பிம்பத்தின் அளவு = பொருளின் அளவு × குவியத்தூரம் ÷ பொருளின் தூரம்

நம்ம ஊர்ல மின்கம்பியில உட்கார்ந்திருக்குமே, பச்சைப் பஞ்சுருட்டான், அதையே எடுத்துக்குவோம். வாலின் நடுவில் நீளும் கம்பி இறகை விட்டுட்டா உடம்பு சுமார் 16 செ.மீ., அதாவது 160 மி.மீ. நம்ம லென்ஸ் 250 மி.மீ. பறவை 20 மீட்டர் தள்ளி இருக்கு.

160 × 250 ÷ 20,000 = 2 மி.மீ.

சென்சார்ல விழுற பறவை வெறும் 2 மி.மீ.! கேனான் ஏபிஎஸ்-சி சென்சாரின் அகலம் 22.3 மி.மீ. 24 மெகாபிக்சல் பாடின்னா அந்த அகலத்துல 6000 பிக்சல். ஒரு மில்லிமீட்டருக்கு சுமார் 269 பிக்சல். அப்போ நம்ம பஞ்சுருட்டானுக்குக் கிடைக்கிறது 540 பிக்சல் கிட்ட.

இப்போ அதே பறவைக்கு 10 மீட்டர் தூரத்துல போங்க. பிம்பம் 4 மி.மீ., 1080 பிக்சல் கிட்ட. இன்ஸ்டா போஸ்டுக்கு நாம வழக்கமா வைக்கிற அகலமே 1080 பிக்சல்தான். பறவை மட்டுமே அந்த அகலத்தை நிரப்பிடும்.

20 மீட்டர்லயே நின்னுக்கிட்டு இதே படம் வேணும்னா 500 மி.மீ. லென்ஸ் வேணும். 150-600 மாதிரியான லென்ஸ்கள் ரெண்டு கிலோ கிட்ட எடை. செகண்ட் ஹேண்ட்ல தேடினாலும் தம்பியோட மொத்த பட்ஜெட்டைத் தாண்டிடும். 10 மீட்டர் முன்னாடி போறதுக்கோ பொறுமை மட்டும்தான் செலவு. பாதி தூரம் போறதும் ரெண்டு மடங்கு லென்ஸ் வாங்குறதும் பிம்பக் கணக்குல ஒண்ணுதான்.

அதனால தம்பிகிட்ட சொன்னேன்: "மூணு வாரம் எதுவும் வாங்காதே. நோட்டு, பேனா எடுத்துக்கிட்டு குளத்துக்குப் போ. எந்தப் பறவை, எவ்வளவு தூரத்துல உன்னை உட்கார விடுதுன்னு எழுதிட்டு வா."

கரையில இருக்கிற பறவை பறந்து போனதும் எட்டு வெச்சு அளந்துக்கலாம். என் எட்டு முக்கால் மீட்டர். உங்க எட்டு எவ்வளவுன்னு ஒரு தடவை டேப் வெச்சுப் பார்த்துக்குங்க. தண்ணியில இருக்கிறதை மொபைல் மேப்புல அளந்துக்கலாம்.

தம்பி கொண்டு வந்த நோட்டுல இருந்து சில வரிகள். பிக்சல் கணக்கு நான் போட்டது, 250 மி.மீ. லென்ஸ், 24 மெகாபிக்சல் பாடி.

- பச்சைப் பஞ்சுருட்டான், 10 மீட்டர்: சுமார் 1080 பிக்சல். போதும்.
- கூழைக்கடா, 80 மீட்டர்: ஒன்றரை மீட்டர் கிட்ட நீளமுள்ள பறவை. 1.4 மீட்டர்னு வெச்சாலும் சுமார் 1180 பிக்சல். போதும்.
- முக்குளிப்பான், நடுக்குளத்துல 60 மீட்டர்: 25 செ.மீ. பறவை. 280 பிக்சல்தான். பத்தாது.
- வெந்தய வரியன் பட்டாம்பூச்சி, எருக்கஞ்செடியில ஒரு மீட்டர்: இதுக்குக் கணக்கே வேற. கீழே சொல்றேன்.

பாருங்க, "தூரத்துல இருக்கு, பெரிய லென்ஸ் வேணும்"னு நாம நினைக்கிற கூழைக்கடா 250-லயே நல்லா விழுது. சிக்கல் முக்குளிப்பான்லதான். உங்க பட்டியல்ல எது அதிகமோ அதுதான் உங்க கேமராவை முடிவு பண்ணும்.

பிரிட்ஜா, டிஎஸ்எல்ஆரா?

பட்டியல்ல முக்குளிப்பான் மாதிரி தூரத்துல, அவ்வளவா அசையாத பறவைகள் அதிகம்னா, லென்ஸ் கழற்ற முடியாத பெரிய ஜூம் கேமராவான பிரிட்ஜ் கேமராவை ஒதுக்கிடாதீங்க. "சின்ன சென்சார், வேஸ்ட்"னு நிறைய பேர் சொல்வாங்க. கணக்கு அப்படிச் சொல்லல.

நிக்கான் பி900-ஐப் பாருங்க. 2015-ல வந்தது. "2000 மி.மீ. ஜூம்"னு சொல்றது ஃபுல் ஃபிரேமுக்கு ஈடா சொல்ற எண். உண்மையான குவியத்தூரம் 357 மி.மீ., அந்த முனையில எஃப் 6.5. குவியத்தூரத்தை எஃப் எண்ணால வகுத்தா ஒளி நுழையுற துளையோட விட்டம் கிடைக்கும். 357 ÷ 6.5 = 55 மி.மீ. நம்ம 250 மி.மீ. எஃப் 5.6 லென்ஸுக்கு அது 45 மி.மீ.தான். அப்போ ஒரே தூரத்துல இருக்கிற பறவைகிட்ட இருந்து பி900 ஒன்றரை மடங்கு ஒளியை வாங்குது!

ஆனா அதோட சென்சார்ல பிக்சல்கள் ரொம்ப நெருக்கம். டிஃப்ராக்‌ஷனால ஒரு புள்ளியோட ஒளி பல பிக்சல்கள்ல பரவிடும். எண்ணிக்கையில காட்டுற அளவுக்கு நிஜ விவரம் இருக்காது. ஃபோகஸும் மெதுவா பிடிக்கும். பறக்கிற பறவையைத் துரத்தினா தோத்துப் போகும். பி900-ல ரா ஃபைல் கிடையாது; அடுத்து வந்த பி950-ல உண்டு. தூரம் கூடக் கூட இன்னொரு எதிரியும் வருது: வெயில் ஏறினதும் தண்ணிமேல காத்து அலையடிக்கும். அதை எந்த ஜூமாலயும் சரி பண்ண முடியாது.

சுருக்கமா: தூரத்துல உட்கார்ந்திருக்கிற பறவையை அடையாளம் காணுற அளவுக்குப் படம் வேணும்னா பிரிட்ஜ். பக்கத்துல வர்றது, பறக்கிறது, பட்டாம்பூச்சி, மலைக்காட்சின்னு எல்லாம் வேணும், நாளைக்கு லென்ஸும் மாத்தணும்னா டிஎஸ்எல்ஆர். தம்பியோட நோட்டுல இருந்த பாதிக்கு மேல 15 மீட்டருக்குள்ள. அதனால டிஎஸ்எல்ஆர்.

மிரர்லெஸ் நல்லதுதான், ஃபோகஸ் பிரமாதம். ஆனா 30 ஆயிரத்துக்குள்ள பாடியும் டெலி லென்ஸும் சேர்ந்து அமையுறது கஷ்டம். கேனானும் நிக்கானும் மிரர்லெஸ் பக்கம் போயிட்டதால, நிறைய பேர் டிஎஸ்எல்ஆரை வித்துட்டுப் போறாங்க. அது நமக்கு லாபம்.

பாடி: புதுசைவிட பழைய நடுத்தரம்

இங்கே ஒரு சின்ன சூட்சுமம். 2018-ல வந்த கேனான் 1500டி-யில ஃபோகஸ் புள்ளிகள் 9, நொடிக்கு 3 படம். 2015-லயே வந்த 750டி-யில ஃபோகஸ் புள்ளிகள் 19, நொடிக்கு 5 படம். ரெண்டுமே 24 மெகாபிக்சல். பறவைக்கு எது உதவும்னு நீங்களே சொல்லுங்க. நிக்கான்ல இதே மாதிரி டி5300: 39 புள்ளி, நொடிக்கு 5 படம். வந்த வருஷத்தை மட்டும் பார்த்து வாங்காதீங்க.

லென்ஸ்: மூணு கேள்வி

முதல் கேள்வி: ஸ்டெபிலைசேஷன் இருக்கா? கேனான்ல ஐஎஸ், நிக்கான்ல விஆர், டாம்ரான்ல விசி, சிக்மாவுல ஓஎஸ்னு எழுதியிருக்கும். கேனான் 75-300 லென்ஸின் மூணாவது பதிப்புல இது கிடையாது. நிக்கான் ஏஎஃப்-பி டிஎக்ஸ் 70-300 விஆரோடவும் வருது, விஆர் இல்லாமலும் வருது. பெயரைக் கடைசி எழுத்து வரைக்கும் படிங்க. ஆனா ஒண்ணு: ஸ்டெபிலைசேஷன் உங்க கை ஆடுறதைத்தான் சமாளிக்கும். பறவை ஆடினா ஷட்டர் ஸ்பீடுதான். உட்கார்ந்திருந்தா 1/500, பறந்தா 1/2000-ல ஆரம்பிங்க.

ரெண்டாவது: உங்க பாடியில ஆட்டோ ஃபோகஸ் வேலை செய்யுமா? கேனான் இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்கள்ல மோட்டார் உள்ளேயே இருக்கு, கவலை இல்ல. நிக்கான் டி3000, டி5000 வரிசை பாடிகள்ல மோட்டார் கிடையாது. ஏஎஃப்-எஸ் அல்லது ஏஎஃப்-பி லென்ஸ்தான் வேணும். அதுலயும் ஏஎஃப்-பி லென்ஸ் டி3100 மாதிரியான பழைய பாடிகளுக்குப் பொருந்தாது. டி3300, டி5300-க்கு ஃபர்ம்வேர் அப்டேட் பண்ணியிருக்கணும். விலை பேசுறதுக்கு முன்னாடி லென்ஸை உங்க பாடியிலேயே மாட்டிப் பாருங்க.

மூணாவது: எவ்வளவு பக்கத்துல ஃபோகஸ் பண்ணும்? இங்கேதான் கேனான் 55-250 எஸ்டிஎம் என் செல்லம். 375 கிராம்தான் எடை. 0.85 மீட்டர் வரைக்கும் கிட்ட ஃபோகஸ் பண்ணும். அப்போ உருப்பெருக்கம் 0.29 மடங்கு. சென்சார் அகலம் 22.3-ஐ 0.29-ஆல வகுங்க: 77 மி.மீ. வெந்தய வரியன் இறக்கையை விரிச்சா 7, 8 செ.மீ. இருக்கும். ஃபிரேம் நிறைஞ்சிடும்! தனியா மேக்ரோ லென்ஸ் இப்போதைக்குத் தேவையில்ல. வெந்தய வரியன் முட்டையிடுறது எருக்கஞ்செடியில. அது நம்ம ஹாஸ்டலுக்குப் பின்னாடியே ஏகப்பட்டது நிக்குது.

செகண்ட் ஹேண்ட் வாங்கும்போது

லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரா பிடிச்சு, பின்பக்கத்துல இருந்து மொபைல் டார்ச் அடிச்சுப் பாருங்க. நூல், வலை மாதிரி தெரிஞ்சா பூஞ்சை. எவ்வளவு விலை குறைச்சாலும் வேண்டாம். ரெண்டு தூசி இருந்தா பரவாயில்ல. ஜூமைத் திருகும்போது மணல் அரைக்கிற சத்தம் வரக் கூடாது.

பாடியில எஃப் 16 வெச்சு வானத்தைப் படம் எடுத்துப் பெருசாக்கிப் பாருங்க. கறுப்புப் புள்ளிகள் தெரிஞ்சா சென்சார்ல அழுக்கு. அதைச் சுத்தம் பண்ணலாம், ஆனா விலையில கழிச்சுக்கோங்க. கீறல்னா எழுந்து வந்துடுங்க. ஷட்டர் எத்தனை தடவை அடிச்சிருக்குன்னு கேளுங்க. ஆரம்பநிலை பாடிகளுக்கு சுமார் 1 லட்சம்னு கணக்கு. நிக்கான்ல படத்தோட எக்ஸிஃப் தகவலிலேயே தெரியும். கேனான் ஆரம்பநிலை பாடின்னா யூஎஸ்பி-யில இணைச்சு மென்பொருள் மூலமா பார்க்கணும். லேப்டாப் கொண்டு போங்க. பில்லில் உள்ள சீரியல் நம்பரும் பாடியில உள்ளதும் ஒண்ணான்னு பாருங்க. பில் இல்லாத கேமரா யாரோ தொலைச்சதா இருக்கலாம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை: காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதுக்குள்ள சிலிக்கா ஜெல். நான் இந்தச் சின்னச் செலவைப் பார்த்து ஒரு லென்ஸையே இழந்தேன்.

அந்த 10 மீட்டரை எப்படிக் குறைக்கிறது?

பறவையை நோக்கி நேரா நடக்காதீங்க. அதுக்கு நீங்க வேட்டைக்காரன் மாதிரி தெரிவீங்க. சாய்வா நடங்க, நின்னு நின்னு போங்க. சூரியன் உங்க முதுகுக்குப் பின்னாடி இருக்கணும். அதைவிட நல்லது, போகவே வேண்டாம், உட்காருங்க. பஞ்சுருட்டான் பறந்து போய்ப் பூச்சியைப் பிடிச்சுக்கிட்டு பெரும்பாலும் அதே குச்சிக்கோ கம்பிக்கோ திரும்பி வரும். அந்தக் குச்சிக்கு எட்டு மீட்டர் தள்ளி அரைமணி நேரம் அசையாம இருந்தா, அதுவே உங்ககிட்ட வரும்.

ஒரே ஒரு கோடு உண்டு. பஞ்சுருட்டான் மண்கரையில பொந்து தோண்டி முட்டையிடும். அலகுல பூச்சியை வெச்சுக்கிட்டு உள்ளே போகாம கம்பியிலேயே தவிச்சுக்கிட்டு இருந்தா, நாம பொந்துக்குப் பக்கத்துல நிக்கிறோம்னு அர்த்தம். உள்ளே குஞ்சு பட்டினி கிடக்கும். எழுந்து வந்துடணும். நாம தூரத்தைக் குறைக்கிறது பறவை அனுமதிக்கிற அளவுக்குத்தான்.

தம்பி என்ன வாங்கினான்?

750டி பாடியும் 18-55 லென்ஸும் சேர்த்து 20 ஆயிரம். 55-250 எஸ்டிஎம் ஏழரை ஆயிரம். மெமரி கார்டு, டப்பா, சிலிக்கா ஜெல் போக ஆயிரத்துச் சொச்சம் மிச்சம். இது அவனுக்கு அமைஞ்ச விலை; ஊருக்கு ஊர், மாசத்துக்கு மாசம் மாறும். நாளைக்கு அவன் கேனான் மிரர்லெஸ்ஸுக்குப் போனாலும் இந்த 55-250-ஐ அடாப்டர் போட்டு அப்படியே மாட்டிக்கலாம்.

போன வாரம் ஒரு படம் அனுப்பினான். ஹாஸ்டலுக்குப் பின்னாடி எருக்கம்பூ, அது மேல இறக்கை விரிச்ச வெந்தய வரியன். ஃபிரேம் நிறைஞ்சு இருந்துச்சு. கூடவே ஒரு வரி: "அண்ணா, 77 மி.மீ. கணக்கு சரியா வந்துடுச்சுங்ணா!"

நான் அந்தப் படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். "நல்லாருக்கே, நீ எடுத்ததா?"ன்னு கேட்டாங்க. இந்தத் தடவை உண்மையைச் சொல்லிட்டேன். பழைய கேமரா என்ன ஆச்சுங்கிறதையும் சேர்த்து.

நீங்களும் வாங்குறதுக்கு முன்னாடி மூணு ஞாயிறு நோட்டோட போயிட்டு வாங்க நண்பர்களே. பறவையோட பேர், தூரம், பக்கத்துல பிக்சல் கணக்கு. அந்தப் பக்கத்தை இதழ்க் குழுவுக்கு அனுப்பி வைங்க. எந்த லென்ஸ் சரியா வரும்னு சேர்ந்து உட்கார்ந்து கணக்குப் போடலாம்.